கத்தரீனா விட்டுக்கொடுத்த நாள்

இந்தக் கோடை விடுமுறையில் யார் என்ன சொன்னாலும் மசிவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். யார் என்றால் வேறு யார்? என் மனைவி கத்தரீனாதான்.

விஷயம் இதுதான். டென்மார்க்கில், பிராண்டேயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஜூலையில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மூடும். வருசம் முழுக்கக் காற்றாலைக்குச் சிறகு செய்கிறவனுக்கு அந்த மூன்று கிழமைதான் மூச்சு. கூட வேலை செய்யும் பேதுருவும் நானும் மேற்குக் கடற்கரையில் ஒரு கோடை வீடு பார்த்து வைத்திருந்தோம். பகலில் மீன் பிடிப்பது, பின்னேரம் அதைப் பொரிப்பது. கத்தரீனாவுக்கோ லண்டனில் இருக்கும் தங்கை விமலராணியை, புருசன், நாலு பிள்ளைகளோடு, அதே மூன்று கிழமைக்கு எங்கள் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரேயொரு குளியலறை.

ஒரு மாதமாக இழுபறி. நான் அசையவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, ஆங்கிலப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு டேனிஷ் போதும். ஆனாலும் மாலை வகுப்பில் ஆங்கிலம் படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலப் பண்டிதர் நான்தான். தொழிற்சாலையில் போலந்துக்காரரோடும் ருமேனியரோடும் தினமும் ஆங்கிலம் கதைக்கிறேன். அவர்களுக்கு விளங்குகிறது. ஆங்கிலேயருக்கு விளங்குமா என்று சோதித்துப் பார்த்ததில்லை.

"இஞ்சருங்கோ, 'கிவ் இன்' எண்டால் என்ன?"

"விட்டுக்குடுக்கிறது. ரெண்டு பேர் வாதாடேக்கை ஒராள் கடைசியிலை, சரி, உங்கடை விருப்பம் எண்டு இறங்கி வாறது. ஐ கிவ் இன். விளங்குதோ?"

"வகுப்பிலை நடிச்சுக் காட்ட வேணுமாம். புருசனும் பெண்சாதியும் வாதாடுகினம், ஒராள் கிவ் இன் பண்ண வேணும். பழக்கித் தாங்கோவன்."

"இதென்ன பெரிய விசயமே? தொடங்கும்."

"முதல் தமிழிலை செய்வம். பிறகு நீங்கள் இங்கிலிசிலை மாத்தித் தாங்கோ. நான் புருசன், நீங்கள் பெண்சாதி."

"நான் ஏன் பெண்சாதி?"

"அதுக்குத்தான் நிறையக் கதைக்க வேணும். எனக்கு அவ்வளவு வராது."

இருபது வருசமாக என்னை வாய் திறக்க விடாதவள் இப்படிச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

"என்னத்தைப் பற்றி வாதாடுறது?"

"எங்கடை விசயமே இருக்கே. புதுசா ஏன் யோசிப்பான்?"

சொல்லிவிட்டுக் காலை நீட்டி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தாள். அது நானாம்.

"நீர் சும்மா இரும். எனக்கு மூண்டு கிழமைதான் லீவு. நான் மீன் பிடிக்கப் போறன்."

குரல்கூட என்னுடையதுதான். கேட்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

"இஞ்சருங்கோ," என்று குழைந்தேன், "விமலா ஆறு வருசமா வரயில்லை."

"வராட்டி என்ன? போனிலை பாக்கலாம்தானே."

என்ன மனுசன் இவன்! "போனிலை பாத்தால் போதுமே? பிள்ளையளுக்குப் பெரியம்மான்ரை கையாலை ஒரு நேரச் சோறு வேண்டாமோ?"

"ஒரு பாத்றூமுக்கு எட்டுப் பேரோ?"

"ஊரிலை மடு மாதா கோயில் திருவிழாவிலை ஒரு கூடாரத்துக்கை எத்தினை பேர் கிடந்தனாங்கள்? அங்கை எத்தினை பாத்றூம் இருந்தது?"

"பேதுருவுக்குச் சொல்லிப் போட்டன்."

"பேதுரு அண்ணை தனியப் போகட்டும். போன வருசம் ரெண்டு பேரும் நாள் முழுக்க நிண்டு பிடிச்சதைப் பூனைக்குப் போட்டம். பூனையும் யோசிச்சுத்தான் திண்டது."

இதைச் சொன்னது நான்தான். வாதம் என்று இறங்கிவிட்டால் எனக்குப் பக்கம் தெரியாது. வெல்ல வேண்டும், அவ்வளவுதான். எழுந்து நின்றுவிட்டேன். அவள் ரிமோட்டை அமத்திக்கொண்டு, "ஏலாது எண்டால் ஏலாது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"உங்களுக்குக் கதைக்கப் பேதுரு இருக்கிறார். எனக்கு இந்த நாட்டிலை ஆர் இருக்கினம், சொல்லுங்கோ?"

அப்படியொரு கேள்வி அவளிடம் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததேயில்லை.

கத்தரீனா ரிமோட்டைக் கீழே வைத்தாள். அவள் கண் ஈரமாக இருந்தது.

"ஐ கிவ் இன்," என்றாள்.

"வெண்டிட்டன்!" என்று கை தட்டினேன்.

அவள் டெலிபோனை எடுத்தாள். "விமலா, டிக்கெட்டைப் போடு. அத்தான் ஓமெண்டிட்டார். ஓமடி, எழும்பி நிண்டு, என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர்."

"கத்தரீனா! அது வகுப்புக்கு நடிச்சதெல்லோ?"

"நீங்கள் சொன்னதிலை எது பொய்? சொல்லுங்கோ, டிக்கெட் போட வேண்டாமெண்டு அவளுக்குச் சொல்லுறன்."

யோசித்துப் பார்த்தேன். பூனை விஷயம்கூட உண்மை.

"அப்ப, இங்கிலிசிலை மாத்த வேண்டாமோ?"

"வேண்டாம். எனக்கு விளங்கிட்டுது."

பேதுருவுக்கு என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் இருபது வருசத்தில் கத்தரீனா எனக்கு விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோசத்தில் ஆறு பேருக்கு மெத்தை வாங்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.