ஆயுத பூஜையில் அணைந்துபோன லித்தியம் போரைடு

திருவரங்குளம்
வியாழக்கிழமை, காலை 9.40

பெருமதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருடம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சொர்ணவல்லியும் நலம். அங்கே தாங்களும், தங்கள் வீட்டாரும், என் மகளின் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அந்த இரண்டாவது மதிப்பீட்டாளரும் நலமாக இருக்க எங்கள் ஊர்ச் சிவனை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்குத் தமிழ் தெரியாது என்று மகள் சொல்லியிருக்கிறாள். தமிழர் இல்லாத ஊர் ஏது? யாரிடமாவது காட்டிப் படித்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். என் மகள் மோகனப்ரியா, லித்தியமும் போரானும் சேர்ந்த ஒரு படிகத்தைப் பற்றி நாலு வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். அதில் போரான் அணுக்கள் சங்கிலி மாதிரி நேராக நிற்குமாம். லித்தியம் சுற்றி நின்றுகொண்டு, வெளியே வைத்திருக்கும் ஒரே எலக்ட்ரானையும் போரானுக்குக் கொடுத்துவிடுமாம். ஆனால் போரானுக்குப் போரான் உள்ள இடைவெளியும் லித்தியத்துக்கு லித்தியம் உள்ள இடைவெளியும் ஒத்துவராதாம். மதிப்பீட்டாளர் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஒரே படிகத்துக்குள் இரண்டு இடைவெளியா, எலக்ட்ரான் ஓட்டத்தை இன்னும் நுணுக்கமாகக் கணக்கிட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு என்றுவிட்டார். அனுப்பாவிட்டால் கட்டுரை தள்ளுபடி. கட்டுரை இல்லையென்றால் இந்த வருடம் அவளுக்கு பிஎச்.டி. இல்லை.

அவள் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். "இதுல என்னம்மா கொழப்பம்? அறந்தாங்கி பஸ் இருவது நிமிசத்துக்கு ஒண்ணு, நம்மூரு டவுன் பஸ் இருவத்தேழு நிமிசத்துக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே ஸ்டாண்டுக்குத்தான் வருது. அதது நேரத்துக்கு அதது கரெக்டா வந்தா போதாதா? ரெண்டும் ஒண்ணா வரணும்னு எவன் கேட்டான்?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். பெரிய படிப்பில் மூக்கை நுழைத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் தன் வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கத் திருச்சிக்குக் கிளம்பும்போது, "அப்பா, லேப்டாப்புல கணக்கு ஓடுது, அமத்திராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள், நானும் காவல் நாய் மாதிரி அதன் பக்கத்திலேயே இருந்தேன், நேற்று ஆயுத பூஜை, சொர்ணவல்லி அரிவாள்மணை, என் பழைய விசில், மகளின் புத்தகம் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்கிவிட்டு, "லேப்டாப்ப எடுத்தாங்க, அதுதான புள்ளைக்குச் சரஸ்வதி" என்றாள், கணக்கு ஓடுகிறது என்றேன், "ஓடுற பஸ்ஸுக்கா பொட்டு வப்பாங்க? நிப்பாட்டிட்டு வைங்க" என்றாள், சார், அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன், எத்தனை ஆயுத பூஜை பார்த்தவன், வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் நின்ற இடத்திலிருந்துதானே வண்டி கிளம்பும், கணக்கும் அப்படித்தான் என்று நினைத்து பட்டனை அமுக்கி அணைத்துவிட்டேன். மூடியின் மேல் மூன்று சந்தனப் பொட்டு. எலுமிச்சம்பழத்தை மட்டும் நசுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து எடுக்கப் போனால், "பூசையில வச்சத நாளைக்குத்தான் தொடணும்" என்று தடுத்துவிட்டாள். இன்று காலையில் எடுத்துத் திறந்தால் கணக்கையும் காணோம், ஒன்றையும் காணோம், திரையில் ஒரு மலைப் படம் இருக்கிறது.

மகளுக்கு இன்னும் தெரியாது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறாள். என் காலத்தில் ஒரு பஸ்ஸைக்கூட நான் தாமதமாக அனுப்பியதில்லை. பெற்ற மகளைத் தாமதமாக்கிவிட்டேன். குற்றம் என்னுடையது, அவளுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். இந்தக் கடிதம் வந்து சேரப் பதினைந்து நாளாவது ஆகும் என்று பக்கத்து வீட்டு போஸ்ட்மேன் சொன்னார், இன்று விஜயதசமி, போஸ்ட் ஆபீஸ் லீவு. தயவுசெய்து புறப்பட்ட நேரத்தைக் கணக்கில் எடுக்கவும். வழியில் ஆகும் தாமதத்துக்கு ஸ்டாண்டு பொறுப்பாகாது என்பது எங்கள் துறையின் வழக்கம்.

தங்கள் இதழ் நீடூழி தழைக்கட்டும். மதிப்பீட்டாளர் வீட்டுப் பிள்ளைகளும் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கருணையை நாடும்
ஆத்மநாதன்

பி.கு. (மாலை 5.30): ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். மகள் வந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கிறாள். "ஏம்ப்பா இப்புடிப் பயந்துட்டீங்க? அது அப்பப்ப எழுதி வச்சுக்கிட்டேதான் ஓடும். நிப்பாட்டுன எடத்துலேருந்து திரும்பக் கெளம்பிரும். நேரம் வீணாகக் கூடாதுன்னுதான் அமத்தாதீங்கன்னேன்" என்றாள். கிளம்பிவிட்டது, சார்! 4.25க்குக் கணக்கு முடிந்தது. போரான் சங்கிலி நேராகத்தான் நிற்கிறது, எலக்ட்ரான் அதன் வழியே தாராளமாக ஓடுகிறது, மின்சாரம் பாயும் உலோகமேதானாம். 5.10க்குத் தங்களுக்கு அனுப்பிவிட்டாள், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக. மதிப்பீட்டாளருக்கு எழுதிய பதிலைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அதில் அறந்தாங்கி பஸ்ஸும் எங்கள் டவுன் பஸ்ஸும் வருகின்றன. கட்டுரைக் கடைசியில், விளக்கம் தந்த நேரக் காப்பாளர் ஆத்மநாதனுக்கு நன்றி என்று போட்டிருக்கிறாள். நான் அழுதுவிட்டேன், சொர்ணவல்லி பொரியைக் கையில் கொடுத்துச் சமாதானப்படுத்தினாள்.

ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் கடிதத்தை அனுப்புகிறேன். அவகாசம் வேண்டாம். கட்டுரை என்றைக்கு, எத்தனை மணிக்கு வெளிவரும் என்று மட்டும் தெரிவியுங்கள், குறித்துவைத்துக்கொள்கிறேன்.