ஜாமீன் கேட்ட சத்திரம்

"இந்த ஊர்ல உங்களை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் அழகிரி.

வைகுண்ட ஏகாதசிக்காகப் பச்சைமலையிலிருந்து வந்திருந்த விவசாயி மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு யோசித்தார். "எனக்குப் பெருமாளைத்தாங்க தெரியும்."

"அவர் கையெழுத்துப் போட மாட்டாரே."

விவசாயி கும்பிட்டுவிட்டு வீதியில் படுக்கப் போய்விட்டார்.

1956 மார்கழி. ஸ்ரீரங்கத்தில் காலையிலிருந்தே கால் வைக்க இடமில்லை. மதிலோரம், கடை வாசல், காவிரிப் படித்துறை எங்கும் ஜனம். அழகிரி குடும்பத்தின் தர்ம சத்திரத்தில் மட்டும் எட்டு அறைகளும் காலி. யாத்ரீகர்களுக்கென்று தாத்தா கட்டியது, வாடகை கிடையாது.

அழகிரி திருச்சியில் முப்பது வருஷம் பாங்கிக் கிளையை நடத்தும் ஏஜெண்டாக இருந்தவர். அவர் காலத்தில் வாராக் கடன் என்று ஒன்றுகூட இல்லை. கடன் என்றே அதிகம் இல்லை. ஓய்வு பெற்ற கையோடு அவரைக் குடும்ப டிரஸ்டுக்குத் தலைவராக்கினார்கள். இத்தனை பேர் இருக்க நம்மை ஏன் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் நாற்காலி பிடித்துப்போய்விட்டது. டிரஸ்டிகள் எல்லோரும் சாயங்காலம் வருகிறார்கள். சத்திரம் காலி என்று தெரிந்தால் நாற்காலியும் காலி.

"தர்மத்துக்குப் போயி ஜாமீன் கேப்பாங்களா? இலவசம்னு ஒரு போர்டு வைங்க," என்றாள் மனைவி வள்ளிக்கண்ணு.

வைத்தார். ஆனால் 'இலவசம்' என்று மொட்டையாக எழுத அவர் கை ஒப்பவில்லை. அடியில் நிபந்தனைகளையும் வரிசையாக எழுதினார். ஜனம் கூடி நின்று படித்தது. பிறகு சத்திரத்தைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

"என்னவாம்?" என்று அழகிரி காவல்காரர் பிச்சைமுத்துவிடம் கேட்டார்.

"ஜப்தி நோட்டீஸுங்கறாங்க. நல்லா வாழ்ந்த குடும்பமாச்சேன்னு ஒரு அம்மா உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ரெண்டணா குடுத்துச்சுங்க."

அழகிரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போர்டைக் கழற்றினார்.

நேரில் போய் அழைத்துவருவது என்று ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். இனி ஜாமீன் இல்லை, நிபந்தனை இல்லை, கேள்வியே இல்லை. ரயிலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியை ஒன்றும் பேசாமல் தூக்கிக்கொண்டு சத்திரத்தை நோக்கி நடந்தார்.

"ஐயோ, திருடன்! கோட்டுப் போட்ட திருடன்!"

கான்ஸ்டபிள் லூர்து காலரைப் பிடித்தார். "பெட்டி யாருது?"

"அவங்களுது."

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"சத்திரத்துக்கு. சும்மா தங்க வைக்கறதுக்கு."

"அவங்க கேட்டாங்களா?"

"அவங்களும் கேக்கலை. நானும் ஒண்ணும் கேக்கலை. அதாங்க இன்னிக்கு விசேஷம்."

லூர்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஊர்ல உங்களை யாருக்குத் தெரியும்?"

நல்ல கேள்வி என்று அழகிரிக்குத் தோன்றியது.

பிச்சைமுத்து வந்து கையெழுத்துப் போட்டு அவரை மீட்டார். இருவரும் திரும்பியபோது டிரஸ்டிகள் வாசலில் நின்றிருந்தார்கள். சித்தப்பா அறை அறையாகக் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகிரி, ஒருத்தர்கூட இல்லியா?"

"இல்லைங்க சித்தப்பா."

"எட்டுலயுமா?"

"எட்டுலயும்."

சித்தப்பாவின் கண்கள் கலங்கின. அழகிரி தலையைக் குனிந்தார். குனிந்த தலையில் மாலை விழுந்தது.

"ஆயுசுக்கும் நீதான்ப்பா தலைவர்!" என்று சித்தப்பா கட்டிக்கொண்டார். டிரஸ்டிகள் கை தட்டினார்கள்.

"நான் ஒருத்தரையும் தங்க வைக்கலையே சித்தப்பா!"

அதற்குள் குதிரைவண்டிக்காரர் ஷேக் தாவூது தோளில் ஒரு படுக்கைச் சுருளோடு உள்ளே நுழைந்தார்.

"வழி விடுங்க சார். பழைய தலைவரு வெளி ஆளுங்களை உள்ள விட்டதுல, போன வருஷ ஏகாதசிக்கு உங்க சொந்தக்காரங்க பூராவும் தெருவுல படுத்தாங்க; இந்த வருஷமாச்சும் எல்லாருக்கும் ரூம் கிடைச்சுதே!"