ஏரி: முப்பதே பிரதிகள்

முப்பதாவது பிரதியும் காய்ந்த பிறகுதான் டிசைனர் பெண் அதைக் கவனித்தாள். ஏரிப் படத்தைத் தலைகீழாக வைத்து அச்சடித்திருந்தாள்.

லேசுப்பட்ட படமா அது? கரையில் நிற்கும் மரங்களைவிடத் தண்ணீரில் விழுந்த நிழல் தெளிவாக இருக்கும். அந்த அதிசயத்துக்காகவே போட்டோகிராபரை ஊர் உலகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தப் படம், அதன் கீழே எழுத்தாளரின் நான்கு வரிகள், அவளையும் சேர்த்து மூன்று பேரின் கையெழுத்து. மொத்தமே முப்பது பிரதிகள். கையால் செய்த காகிதமும் சரியாக முப்பது தாள்தான் வந்திருந்தது. அவளுக்கோ இது முதல் பெரிய வேலை. இது கெட்டால் இனி ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள்.

எழுத்தாளருக்குப் போன் போட்டாள்.

"சார், தலைகீழா அடிச்சுட்டேன்."

"என் வரிகளையா?"

"இல்ல, படத்தை."

"அப்பாடா," என்றார் அவர். பிறகு சுதாரித்துக்கொண்டு, "ஐயையோ," என்றார்.

யோசனையும் அவரே சொன்னார். "ரூம்ல வெளிச்சம் சரியில்ல, நாளைக்குக் கையெழுத்துப் போடலாம்னு அவர்கிட்ட சொல்லிடும்மா."

சொன்னாள். அரை மணி நேரத்தில் போட்டோகிராபர் இரண்டு பெரிய விளக்குகளோடு வந்து இறங்கினார். விளக்கைத் தாங்கும் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி. பின்னாலேயே மூச்சிரைக்க எழுத்தாளர்.

அவள் அவசரமாக ஒரு பிரதியைத் திருப்பிச் சுவரில் மாட்டினாள். இப்போது படம் சரியாகிவிட்டது. வரிகள்தான் தலைகீழாக நின்றன.

"எழுத்து ஏன் இப்படி நிக்குது?" என்றார் போட்டோகிராபர்.

"புது முயற்சி சார்," என்று எழுத்தாளர் முந்திக்கொண்டார்.

"எப்படிப் படிப்பாங்க?"

"கஷ்டப்பட்டுத்தான். நல்ல எழுத்தை அப்படித்தான் சார் படிக்கணும்."

போட்டோகிராபர் மசியவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, தாளைக் கழற்றித் தன் கையாலேயே திருப்பி மாட்டினார். இரண்டடி பின்னால் நகர்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

திட்டு விழப்போகிறது என்று நிமிர்ந்த டிசைனரும் அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். மரங்கள் உயிரோடு நின்றன. பனி தண்ணீரைவிட்டு மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எழுத்தாளர் தன் வரிகளை யாரோ எழுதியது மாதிரி மெதுவாக வாசித்துப் பார்த்தார்.

"சார், இது தப்பா..." என்று ஆரம்பித்தாள் அவள்.

"தப்பா? அன்னைக்கு விடியக்காலையில கரையில நின்னு நான் பார்த்தது இதுதாம்மா. குளிருகூட உறைக்கல எனக்கு, அப்படியே மெய்மறந்து நின்னேன். இத்தனை வருஷம் கழிச்சு நீ அதைத் திருப்பிக் குடுத்திருக்க."

போட்டோகிராபரின் கண் கலங்கியிருந்தது. பென்சிலை எடுத்து முப்பதிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாள் முடிந்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதுவரை விளக்கோரம் நின்ற அவர் மனைவி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"ஒருவழியா நேராக்கிட்டியாம்மா? கேமராவைத் தலைகீழாப் பிடிச்சு நான் எடுத்த படமாச்சே, அன்னைக்கு இவர் கார்ல நல்ல தூக்கம்."