மிஸு என்றால் தண்ணீர்

அம்பத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

திருநின்றவூர் ஏரிக்கரைப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டு வாழும் என் தங்கை நாகம்மாவுக்கு, அக்கா தாயம்மாள் எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அதனால் விசாரிக்கவில்லை. உன்னோடு பேசமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே சொன்ன சொல் எதுவும் கெடவில்லை.

விஷயம் இதுதான். ஆவணியில் ஜப்பானிலிருந்து என் மகன் விக்ரம் குடும்பத்தோடு வருகிறான். பேத்தி நாமிக்குக் காது குத்துகிறோம். அதற்கு உன்னைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. எழுதிப் பார்த்தாலாவது தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அழைப்பு இல்லை.

நாமிக்குத் தமிழ் வராது. அம்மா ஜப்பான்காரி. அப்பன் வேலை முடிந்து வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடுகிறது, அவன் எப்போது சொல்லிக்கொடுப்பான்? போனில் என்னைப் பார்த்ததும் கலகலவென்று ஏதோ பேசுகிறாள். நான் "சாப்ட்டியாடி கண்ணு" என்கிறேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறோம். எத்தனை நாளைக்குத்தான் சிரித்துக்கொண்டே இருப்பது? அதனால் எங்கள் தெருமுனையில் மாடியில் ஜப்பான் பாஷை சொல்லிக்கொடுக்கிற ஷர்மிளாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன். நசரத்பேட்டையிலிருந்து வருகிற பெண், நல்ல பெண். ஜப்பான் கம்பெனியில் வேலை தேடுகிற பிள்ளைகள் படிக்கிற இடம் அது. கதவருகே நின்ற என்னைப் பார்த்து ஒருவன், "இன்னா ஆயா, பேரன இட்டுகினு போவ வந்தியா?" என்றான். "நான் படிக்க வந்துகீறேன் நைனா, கொஞ்சம் தள்ளி குந்து" என்றேன். தள்ளி உட்கார்ந்தான்.

முதலில் பொருள்களின் பேர் மட்டும்தான் கற்றுக்கொடுத்தாள். எனக்கு அது போதும். பேர் தெரிந்தால் மீதியைக் கையால் காட்டிக்கொள்ளலாம். அவர்கள் எழுத்து ஒவ்வொன்றும் சின்னப் படம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரே எழுத்துக்கு இரண்டு பேர். மலை என்ற எழுத்து தனியாக நின்றால் யாமா, இன்னொரு எழுத்தோடு சேர்ந்தால் சான். தண்ணீர் தனியாக மிஸு, கூட்டத்தில் சுய். பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "இன்னா மேடம், ஒரு எழுத்துக்கு ரெண்டு பேரா? எத எங்க படிக்கிறதுன்னு எப்டி தெரியும்?" எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நம் அப்பாவுக்கு வீட்டில் ஒரு பேர், கூலிக்குப் போன வயல்காட்டில் வேறு பேர். எதற்கு எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? மனிதருக்கு நடப்பது எழுத்துக்கும் நடக்கிறது.

பிள்ளைகள் எழுதி எழுதி மனப்பாடம் செய்தார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு மனத்தாங்கலோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன். ஹி என்றால் நெருப்பு: என் கல்யாணத்தில் சமையல்காரன் சாம்பாரைத் தீயவிட்டது. குச்சி என்றால் வாய்: என் நாத்தனார் சாமுண்டீஸ்வரி. அந்த எழுத்து வெறும் சதுரம்தான், எப்போதும் திறந்தே இருக்கும். மோன் என்றால் வாசற்கதவு: உன் புது வீட்டு கேட். கமி என்றால் காகிதம்: நீ என் கையில் கொடுக்காத பத்திரிகை. மிஸு: உன் வீட்டில் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன் என்று நான் சொன்னேனே, அந்தத் தண்ணி. ஷர்மிளா அசந்துபோய், "எப்டிம்மா ஒண்ணுகூட மறக்கல?" என்றாள். "மறக்கிற பழக்கமே கெடயாதும்மா" என்றேன்.

நீயும் மறந்திருக்கமாட்டாய். கிரகப்பிரவேசத்துக்கு நீயும் உன் புருஷனும் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்களா? உன் மகன் பரந்தாமன் பைக்கை அணைக்கக்கூட இல்லை. எதிர்வீட்டுத் துலுக்கானத்தின் கையில் இரண்டு பத்திரிகையையும் திணித்துவிட்டுப் போய்விட்டான். துலுக்கானம் தெருவைத் தாண்டி வந்து, "இந்தாக்கா, ஒந்தங்கச்சி ஊட்டுப் பத்திரிக. எனுக்கு ஒண்ணு, ஒனுக்கு ஒண்ணு" என்றான். கூடப் பிறந்தவளும் எதிர்வீட்டுக்காரனும் ஒன்றா? அவன் போய் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து, ருசியை வேறு எனக்குச் சொன்னான்.

இருக்கட்டும். உறவு முறைப் பாடம் வந்தது. ஜப்பான்காரர்கள் நம்மைப் போலத்தான் நாகம்மா, அக்காவுக்கு ஒரு வார்த்தை, தங்கைக்கு வேறு வார்த்தை. அக்கா என்றால் அனே. சட்டென்று மனதில் நின்றுவிட்டது. தங்கை என்றால் இமோத்தோ. அது மட்டும் மண்டையில் நிற்கவே இல்லை. அதற்குக் கட்ட என்னிடம் மனத்தாங்கலுக்கா பஞ்சம்? ஆனால் தேடப் போனால் வேறு என்னென்னவோ வந்து நிற்கிறது. குழந்தை விக்ரமுக்கு மஞ்சள் காமாலை கண்டபோது, அப்போது திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருந்த நீ விடிந்ததும் ஏரிக்கரையில் கீழாநெல்லி பிடுங்கி, மண்ணும் வேருமாக முந்தானையில் முடிந்துகொண்டு, தினமும் ரயில் ஏறி வந்து நின்றது. சின்ன வயதில் ரேஷன் கடை வரிசையில் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நீ தூங்கியது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு எப்படிக் கோபமாகப் படிப்பது? "இந்த எழுத்து வோணாம்மா, வேற குடு" என்று ஷர்மிளாவிடம் சொல்லித் தள்ளிவைத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை நாமி போனில் வந்தாள். என் பின்னால் சுவரில் அந்தப் போட்டோ இருந்தது. ஆவடி ஸ்டுடியோவில் ஒரே மாதிரி தாவணி கட்டிக்கொண்டு, நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பது. ஏன் இன்னும் கழற்றவில்லை என்று கேட்காதே. ஆணி துருப்பிடித்துவிட்டது, வரவில்லை. நாமி விரலை நீட்டி, "ஒபாச்சான், தாரே?" என்றாள். பாட்டி, யார் அது என்கிறாள். அவள் கேட்டதில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் கேள்வி நாகம்மா! பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், வார்த்தை இல்லை. வேண்டாம் என்று தள்ளிவைத்த அதே வார்த்தை. "ஹிதோ" என்றேன். ஓர் ஆள் என்று அர்த்தம். பிள்ளை முழித்தது. அவள் அம்மா எட்டிப் போட்டோவைப் பார்த்தாள், நம் இரண்டு மூக்கையும் பார்த்திருப்பாள், இரண்டு விரலை ஒட்டவைத்துக் காட்டி "ஷிமாய்" என்றாள்.

மறுநாள் ஷர்மிளாவைக் கேட்டேன். அக்கா எழுத்தையும் தங்கை எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். "ரெண்டும் சேந்து நின்னா அனேயும் இல்ல, இமோத்தோவும் இல்லம்மா. ஷிமாய்னு படிக்கணும். கூடப் பொறந்தவங்க." அதற்குப் பிறகு அன்றைக்கு வகுப்பில் எதுவும் என் காதில் ஏறவில்லை.

காதுகுத்து அன்று அந்தப் பிள்ளை ஒவ்வொருவராகக் காட்டி தாரே, தாரே என்று கேட்கும். அங்கே அதற்கு வீட்டில் மூன்று பேர்தான். இங்கே வந்தும் உனக்குப் பதிலாகச் சுவரையா காட்டுவேன்? ஆனாலும் மறுபடி சொல்கிறேன், இது அழைப்பு இல்லை. வெறும் காகிதத்தை நம்பி வந்து நிற்காதே. நான் வந்து நிற்கவில்லை அல்லவா?

உன் புருஷனுக்கு என் வணக்கம். பரந்தாமன் தீர்க்காயுசாக இருக்கட்டும், பைக்கை நிறுத்தவும் பழகட்டும். நீ பூவும் பொட்டுமாக நல்லபடி இரு.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்கா,
தாயம்மாள்.

பி.கு.: மடித்து, தபால்தலை ஒட்டப் போனபோதுதான் உறைத்தது. இதைத் தபாலில் போட்டால் நீ செய்த அதே வேலையை நானும் செய்தது போல் ஆகிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை காலை வண்டியில் என் வீட்டுக்காரரும் நானும் தட்டோடு வருகிறோம், இதையும் கையிலேயே கொண்டுவருகிறேன். நீ இதைப் படிக்கும்போது எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். முடிக்கும்வரை வாயைத் திறக்காதே. படித்து முடித்ததும் உன்னிடம் மிஸு கேட்பேன். என்னவென்று முழிக்காதே, மேலே எழுதியிருக்கிறேன்.