கொழுக்கியாரும் வானத்துக் கச்சானும்

மதிப்பிற்குரிய ஐயாமாரே, அம்மாமாரே,

புவியீர்ப்பு விசையோடு நேருக்கு நேர் பகைகொண்டு, அப்பகைக்காக மாதந்தோறும் சம்பளமும் பெற்ற மனிதர் இவ்வுலகில் ஒருவரே இருந்திருக்கிறார். அவர் மொன்றியல் நகரத்து ஹோட்டல் ஒன்றின் நிலவறைச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்தார். பெற்றோர் இட்ட பெயர் அவருடைய சம்பளத் துண்டில் மட்டும் காணப்பட்டது. எங்களுக்கு அவர் கொழுக்கியார்.

மேல்மாடிகளில் அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள் அழுக்கு விரிப்புகளைப் பொதியாக முடிந்து ஒரு தகரக் குழாய்க்குள் போடுவார்கள். பொதி மாடி மாடியாக இறங்கி, ஆளுயரத்துக்கு மேலிருந்த குழாய்வாயால் வெளிப்பட்டு, ஈரச் சீமெந்தில் தொம்மென்று விழும். நாங்கள் அதனைப் பொறுக்கி வண்டியில் போடுவோம். உலகெங்கும் அதுவே நடைமுறை. கொழுக்கியாருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. துடைப்பத் தடியின் நுனியில் சீலை தொங்கவிடும் கம்பியொன்றைக் கொழுக்கியாக வளைத்துக் கட்டி, விழும் பொதியை அந்தரத்திலேயே முடிச்சில் கொழுவி வண்டிக்குள் இறக்கத் தலைப்பட்டார்.

"அழுக்குத் துணிதானே, விழட்டுமன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"அழுக்குக்கும் ஒரு மரியாத இருக்கு அண்ணன்" என்றார்.

அவர் பிடித்த பொதிகள் சில. அவரைப் பிடித்த பொதிகள் பல. மேசைவிரிப்புகளால் மூடுண்டு, கைகள் மட்டும் வெளியே தெரிய, "பிடிச்சிட்டன்" என்று அவர் அறிவித்ததை நானே கண்டிருக்கிறேன். ஒருநாள் எங்கள் மேற்பார்வையாளர் மதாம் அவ்வழியே வந்தார். பொதி ஒருபுறம் விழ, கொழுக்கி மறுபுறம் சுழன்று அம்மையாரின் கழுத்துச் சால்வையைக் கவர்ந்து வண்டிக்குள் சேர்த்தது. சால்வை அன்று வெந்நீரில் வெளுத்து, குழந்தைக்குரிய அளவில் திரும்பி வந்தது. இன்னொரு முறை நடந்தால் கொழுக்கி பறிக்கப்படும் என்றும், அவர் மடிப்பு இயந்திரத்துக்கு மாற்றப்படுவார் என்றும் மதாம் எச்சரித்தார். மடிப்பு இயந்திரத்தில் எதுவும் விழுவதில்லை. கொழுக்கியாருக்கு அது சிறைக்கு நிகர்.

இந்நிலையிலேதான், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் கோடை முடிவில், அமெரிக்கர் விண்வெளிக்கு அனுப்பிய பெட்டியொன்று திரும்பி வரலாயிற்று. நாங்கள் இருவரும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரே கட்டடத்தில் குடியிருந்ததால் காலையில் ஒன்றாகவே மெத்ரோ ஏறுவோம். இலவசமாகக் கிடைக்கும் பிரெஞ்சுப் பத்திரிகையை அவர் விரல்வைத்து வாசிப்பார். தெரியாத சொற்களைத் தாண்டிக் குதிப்பார்.

"அண்ணன், அமெரிக்காக்காரன் என்ட வேலயக் களவெடுத்துப் போட்டான்."

"எந்த வேலையை?"

"விழுறத நிலத்தில படாமப் பிடிக்கிற வேல. வானத்தால ஒரு பெட்டி வருகிதாம். மறுகா குடை விரிக்குமாம். கெலிக்கொப்டர்ல ஒருத்தன் கொழுக்கியோட நிண்டு கொழுவிப் பிடிப்பானாம். நிலத்தில பட்டா உள்ளுக்கிருக்கிறது பழுதாம்."

"அப்பிடி உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"கச்சான்."

அவர் விரல்பட்ட இடத்தை நான் எட்டிப் பார்த்தேன்.

"கச்சானோ?"

"ஓம். மூண்டு வருசம் போய்ச் சேத்துக்கொண்டு வருகிது. சூரியன்ட கச்சான்."

தோட்டப்பயிர் செய்வோர் வீட்டில் பிறந்த எனக்குக் கச்சான் என்றால் வறுத்துக் கொறிக்கும் நிலக்கடலை ஒன்றே. ஆதலால் வேலைக்குச் சென்றதும், அமெரிக்கர் வானத்திலிருந்து கடலை கொண்டுவருவதாகவும், அதனைக் கொழுக்கியார் நம்புவதாகவும் தெரிந்த மொழிகளில் எல்லாம் பரப்பினேன். நண்பகலுக்குள் செய்தி மதாமின் காதை எட்டியது. உப்பிட்டதா, உப்பில்லாததா என்று மட்டும் அவர் கேட்டாராம்.

கடைசியாக இஸ்திரிப் பகுதியில் நின்ற மன்னார் றீத்தாவிடம் சொன்னேன். அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, கச்சான் எண்டு காத்தும் இருக்கெல்லே. அந்தாளின்ட ஊர் மட்டக்களப்பில கச்சான் அடிச்சா ஆள் வெந்துபோம். பேப்பரில சூரியக் காத்து எண்டு போட்டிருக்கும். சுடுற காத்துத்தானே, அந்தாள் கச்சான் எண்டு தமிழில திருப்பியிருக்கு. நீங்க அதைத் திண்டுபோட்டியள்."

சூரியனிலிருந்து வீசும் நுண்துகள்களையே அப்பெட்டி சேகரித்திருந்தது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கடலைக்காகக் காத்திருக்கும் மனிதரின் கையில் கொழுக்கி இருப்பது ஆபத்து என்று மதாம் தீர்மானித்து, அவரை மடிப்பு இயந்திரத்துக்கு மாற்ற வந்து நின்றார். கொழுக்கியார் பத்திரிகையை விரித்துப் படத்தைக் காட்டினார். கெலிக்கொப்டரும் அதன் கீழே தொங்கிய கொழுக்கியும் அதில் தெளிவாக இருந்தன. மதாம் நெடுநேரம் பார்த்தார். "சரி, புதன்கிழமை அவர்கள் பிடித்தால் நீரும் பிடியும். பிடிக்காவிட்டால் கொழுக்கி என்னிடம் வரவேண்டும்" என்றார்.

புதன்கிழமை மதிய உணவு வேளையில் சிற்றுண்டிச்சாலைத் தொலைக்காட்சியின் முன் அனைவரும் கூடினோம். கொழுக்கியார் சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை. திரையில் கெலிக்கொப்டர் தோன்றியதும் எங்கள் ஆட்கள் இருவர் தம்மையறியாமல் கதிரையைப் பின்னுக்கு இழுத்தனர். அவர் மட்டும் முன்னே சாய்ந்தார்.

"நம்மட ஊர்ல கெலி வந்தா, சுடுவானெண்டு நாம விழுந்து படுப்பம்" என்றார், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இஞ்ச பாருங்க அண்ணன், விழுறதப் பிடிக்கக் கெலி வருகிது."

றீத்தா சிலுவை இட்டுக்கொண்டார்.

பெட்டி வந்தது. அது தட்டைப்போல் சுழன்று சுழன்று வந்தது. குடை விரியவில்லை. கெலிக்கொப்டர்கள் ஒருபுறம் காத்து நிற்க, அது தன் பாட்டில் வந்து பாலைவன மணலில் பாதி புதைந்தது. அங்கே தொம்மென்ற ஓசை கேட்கவில்லை. எங்கள் நிலவறையில், யாரும் நில்லாத குழாயின் கீழ், அதே கணத்தில் ஒரு பொதி விழுந்தது.

"பிடிக்க ஒருத்தன் நிண்டவன்தானே" என்றார் கொழுக்கியார். "குடை விரிஞ்சாத்தானே பிடிக்கலாம்." எழுந்து சென்று கொழுக்கியை எடுத்துவந்து, இரு கைகளாலும் மதாமிடம் கொடுத்தார்.

பின்வந்த இரண்டு நாட்களும் அவர் மடிப்பு இயந்திரத்தில் நின்றார். விரிப்புகள் மூலைக்கு மூலை பொருந்தின. எவரையும் எதுவும் தாக்கவில்லை. மெத்ரோவில் பத்திரிகையை மடித்தபடியே வைத்திருந்தார். "என்ன கொழுக்கியார், உலகத்தில ஒண்டும் நடக்கேல்லையோ?" என்று கேட்டேன். "என்னத்த நடந்தும்..." என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அது என்னை வருத்தியது. அவரைப் பைத்தியக்காரர் ஆக்கிய கடலை என் வாயால் வறுக்கப்பட்டதன்றோ.

வெள்ளிக்கிழமை அவர் மறந்து விட்டுச்சென்ற பத்திரிகையோடு மதாமின் அறைக் கதவைத் தட்டினேன். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் அவரிடம் கூறியவை போன்ஜூர், மெர்சி என்ற இரண்டு சொற்களே. அன்று கெலியின் கொழுக்கியைப் படத்தில் தொட்டு, "குரோஷே, போங்" என்றேன். மணலில் கிடந்த பெட்டியைத் தொட்டு, "பரஷூட், பா போங்" என்றேன். கொழுக்கி நல்லது, குடையே கெட்டது என்பது என் வாதத்தின் முழுமை. அச்சத்தில் அதனை மூன்று முறை கூறிவிட்டேன்.

மதாம் கண்ணாடியை அணிந்து செய்தியை இறுதிவரை வாசித்தார். ஒத்திகைகளில் கெலியோட்டிகள் ஒருமுறையேனும் தவறவிடவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதனை எனக்கு மெதுவாக விளக்கியபின், "அவர்கள் தவறவிடவில்லை. இவர்?" என்று கேட்டார்.

நான் மீண்டும் "குரோஷே, போங்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

மதாம் சிரித்தார். கொழுக்கியைப் பூட்டிவைத்திருந்த அலுமாரியைத் திறந்தார்.

திங்கட்கிழமை கொழுக்கியார் குழாயின் கீழ் நின்றார். தலையில் மஞ்சள் கவசம். அவரைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம். அதற்குள் வேறெவரும் கால்வைக்கக் கூடாதென்பது மதாமின் கட்டளை. முதற்பொதி அவரைத் தாண்டி விழுந்தது. இரண்டாவது கவசத்தில் பட்டது. மூன்றாவதை அவர் முடிச்சில் கொழுவி, அரைச்சுற்றுச் சுற்றி, வண்டியில் ஓசையின்றி இறக்கினார். றீத்தா கைதட்டினார்.

"பாத்தீங்களா அண்ணன்" என்று மூச்சுவாங்கியபடி என்னிடம் வந்தார். "மதாம் பேப்பர் வாசிச்சிருக்கா. தானா யோசிச்சு நியாயம் கண்டிருக்கா. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல்ல."

அவர் கூறிய எத்தனையோ பிழைகளை நான் மெத்ரோவில் வைத்தே திருத்தியிருக்கிறேன். இதனை மட்டும் அன்றும் திருத்தவில்லை; அவர் புரோசார்ட் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்த நாளிலும் திருத்தவில்லை.

இவ்விவரத்தைத் தாங்கள் அவர் கண்ணில் படாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.