சாவி சொன்ன முயல்

வீல் என்று அலறியது தீ எச்சரிக்கை மணி. ஒருவரும் ஓடவில்லை. ஓடினால் முன்வரிசை நாற்காலி போய்விடுமே! தீயும் இல்லை. கோட்டு போட்ட குறிகாரர் கூட்ட அறையில் மூட்டிய வாசனைப் புகைதான்.

அவர் நீட்டிய அட்டையில் 'ஆலோசகர்' என்று போட்டிருந்தது. தொழில் என்னவோ, நூலில் கட்டிய சாவியை ஆட்டுவது.

அன்றைக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவமனைக்கு முன்பதிவு செய்கிறவர்களின் வரிசை எண்களைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, கேட்ட நொடியில் எடுத்துத் தருகிற மென்பொருள். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் அடையாளமாக ஒரு 'கீ' உண்டு. அந்த ஒரு சொல் போதாதா குறிகாரருக்கு?

"கீன்னா சாவி. சாவி விஷயத்தைச் சாவிகிட்டத்தானே கேக்கணும்?"

எண்ணூறு வருடத்துச் சாவியாம். மெத்தப் படித்த முப்பது தலைகள் ஒன்றாக ஆடின.

போட்டியில் இருந்தவை மூன்று. மூன்றுமே மூலநிரலைத் திறந்து வைத்த இலவச மென்பொருள்கள். அலுவலகம் வைத்த செல்லப் பெயர்கள் முயல், மின்னி, எறும்பு. பெயர் எழுதிய சீட்டுகளைப் பரப்பியதும் சாவி முயலின் மேல் துள்ளியது. கைதட்டல்!

சோதனைப் பிரிவுப் பெண் மட்டும் கைதட்டவில்லை. எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள் என்பதால் அவளுக்குப் பட்டப்பெயரே 'சந்தேகம்'. இரண்டு வாரம் மூன்றையும் போட்டுப் பிழிந்திருந்தாள். பிளக்கைப் பிடுங்கியதும், பதிந்ததையெல்லாம் சுத்தமாக மறந்தது இந்த முயல்தான். திங்கட்கிழமை இதை மருத்துவமனையில் ஓடவிட்ட பிறகு மின்சாரம் போனால், காய்ச்சலோடு காத்திருக்கும் அத்தனை பேரும் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியதுதான்.

"சார், இன்னொரு தடவை ஆட்டச் சொல்லுங்க. இந்தத் தடவை சீட்டை உறைக்குள்ள போட்டு நான் ஒட்டித் தரேன்."

மேலாளர் முறைத்தார். "ஐயாவையே சோதிக்கிறியா? அவர் சொன்னது சரின்னு ஆச்சுன்னா, திங்கக்கிழமைலேர்ந்து நீ வர வேண்டாம்மா."

"சரி சார்."

"பத்து உறை போட்டாலும் என் சாவிக்குக் கண்ணு தெரியும் தாயி," என்று சிரித்தார் குறிகாரர்.

மூன்று உறைகள் வந்தன. நடு உறையின் மேல் சாவி பேயாட்டம் போட்டது.

"இதேதான்! முயல்! என்ன வேகம், என்ன பாய்ச்சல்! சத்தம் காதுல கேக்குது!"

சந்தேகம் உறையைக் கிழித்து உரக்கப் படித்தாள்: "பிரிண்டரில் தாள் சிக்கியுள்ளது. யாரும் கைவைக்க வேண்டாம்."

மற்ற இரண்டிலும் வெறும் வெள்ளைத்தாள்.

மேலாளர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப... சாவி ஆடினது?"

"சாவி எங்க சார் ஆடிச்சு? அவர் விரல் ஆடிச்சு. ரெண்டு வாரம் சோதிச்ச முடிவு உங்க மேசையில கிடக்கு. கும்பிட்டது போதும், எல்லாரும் படிச்சுப் பாருங்க. தலை என்ன, தொப்பி மாட்ட மட்டுமா இருக்கு?"

குறிகாரர் சாவியைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு நழுவினார். வாசலில் வரவேற்புப் பெண் கையை நீட்டி மறித்தாள்.

"சார், பாத்ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போங்க. காலையில வாங்கினது, மூணாவது மாடியே நெளிஞ்சுகிட்டு நிக்குது!"