காரை உடைக்க வரும் ஆள்

இந்தத் தடவை என் பெண்டாட்டியை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் நான் எடுத்த முதல் முடிவு. மற்றதெல்லாம் அவள் எடுத்தது.

விஷயம் என் கார். பழசுதான், ஆனால் டர்போ வைத்தது. மிதித்தால் புலி. நிறுத்தினால்தான் வியாதி. சிக்னலில் நின்றால் எஞ்சின் வேகம் காட்டும் முள் ஆயிரத்தைந்நூறுக்கு எகிறும், ஐந்நூறுக்கு விழும், இருமும், அணைந்துபோகும். "அடுத்த வாரம் சரி பண்ணிடறேன்" என்று நான் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது.

புதன்கிழமை காலை ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஆள் வர்றாரு. காரை உடைச்சு இரும்பா எடுத்துக்குவாராம்."

"உடைக்கவா! என் காரையா?"

"நல்லா ஓடுற காரை அவர் தொடவே மாட்டாராம். நம்மளுது ஓடலையே, பொருத்தமாப் போச்சு."

அங்கேதான் வாயை விட்டுவிட்டாள்! ஓடினால் தொட மாட்டான். அப்போ ஓட வைத்துவிட்டால்? அதுவும் அவளுக்குத் தெரியாமல்!

அவள் தையல் கடைக்குக் கிளம்பியதும் பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் போதவில்லை போல என்று, அதைக் கூட்டும் கலவைத் திருகை ஒரு சுற்றுத் திருப்பினேன். முள் கொஞ்சம் அடங்கியது. இன்னும் ரெண்டு சுற்று. கார் விட்டது பாருங்கள் ஒரு கறுப்புப் புகை, கொடியில் காய்ந்த வெள்ளைப் போர்வை எருமை நிறத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் போர்வையை மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மழை மேகம். கொஞ்சம் கீழே இறங்கிடுச்சு."

"மேகத்துல பெட்ரோல் வாசம் அடிக்குதே?"

"காலம் கெட்டுக் கிடக்கும்மா."

போர்வையை வாளியில் ஊறவைக்கப் போனாள். அப்பாடா, நம்பிவிட்டாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"அண்ணே, திருகித் திருகி மரையை மழுங்கடிச்சிடாதீங்க. எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ளே போகுது. அதை அடைக்காம பெட்ரோலை ஊத்தி என்ன புண்ணியம்?"

"எங்கே போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"எஞ்சின் ஓடும்போது குழாய் மேல தண்ணி தெளிங்க. ஓட்டையில பட்டா சத்தம் மாறும்."

தெளித்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு குழாய். ஒன்றுமில்லை. டர்போவுக்குக் காற்றுப் போகும் ரப்பர் குழாயின் அடிவயிற்றில் தெளித்தேன். சட்டென்று இருமல் நின்றது! தடவினால், விரல் நீளத்துக்கு விரிசல். நான் போட்ட கூச்சலில் லாரி டிரைவர் சுவரிலிருந்து இறங்கியே ஓடிவிட்டார்.

சனிக்கிழமை புதுக் குழாயை மாட்டினேன். திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். முள் எண்ணூற்றைம்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

ஞாயிறு. ஒன்பதே முக்காலுக்கே காரை வாசலில் நிறுத்தி ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். வரட்டும் அந்த ஆள்! பத்து ஆனது. பத்தரை ஆனது. அவள்தான் வந்தாள், தோளில் கைப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"எங்கேம்மா உன் ஆளு?"

"எந்த ஆளு?"

"காரை உடைக்க..."

"மூணு வருஷம் கெஞ்சினேன், ஓடலை. ஒரே ஒரு பொய் சொன்னேன், கிண்ணுன்னு ஓடுது. இறங்குங்க, அக்கா வீடு வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"நானும் வரட்டா?"

"நீங்க எப்படி வருவீங்க? வாஷிங் மெஷின் ரெண்டு மாசமா சுத்தலை. அதை உடைச்சு எடுத்துட்டுப் போக செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் வர்றாரு."

அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், இதை உங்களிடம் நான் சொல்லிக்கொண்டிருப்பது வாஷிங் மெஷினுக்குப் பின்னால், திருப்புளியும் கையுமாக உட்கார்ந்துதான்.